யூடைஸ் பள்ளி அட்டை: தலைக்கணக்கு சரி, படிப்புக் கணக்கு?

மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டது, நாடு முழுக்கப் பள்ளித் தகவல்களைத் திரட்டும் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் பிளஸ் தளத்தில் எவரும் காசில்லாமல் பார்க்கக்கூடிய பள்ளி அறிக்கை அட்டை. யாருக்காக என்றால், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாக உறுப்பினரானவர்களுக்கும் உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எத்தனை அறை, எத்தனை ஆசிரியர், எந்த வகுப்பில் எத்தனை பேர் என்பதற்கு அட்டை நல்ல கருவி. யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதற்கு அரைகுறையாகப் பதில் இருக்கிறது. கொங்குப் பக்கத்து நிலவரம் தெரியாமல் அந்தக் கட்டங்களைப் படித்தால் தலைகீழாகப் புரியும். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்கு ஒரு வரி கூடக் கிடையாது.

பள்ளியைத் தேடிப் பிடிப்பதே முதல் சோதனை. பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். கொங்கு நாட்டில் அது லேசுப்பட்ட வேலை இல்லை. புதுப்பாளையம், கவுண்டம்பாளையம், செட்டிபாளையம் என்று ஒரே பெயரில் ஊருக்கு ஊர் பள்ளி உண்டு. பாளையத்தின் எழுத்துக்கூட்டலும் பதிவு செய்தவர் கையைப் பொறுத்து மாறும். முன்னால் வரும் 'பி.யு.பி.எஸ்.' (ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) ஒரு பள்ளிக்குப் புள்ளியோடு இருக்கும், அடுத்த பள்ளிக்குப் புள்ளியில்லாமல் இருக்கும். (அது 'பி.யு.எம்.எஸ்.' என்றிருந்தால் எட்டாவது வரை உள்ள நடுநிலைப் பள்ளி. அங்கே தொடக்க வகுப்புக் கணக்கைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.) பெயரை விட்டுவிட்டு 11 இலக்க யூடைஸ் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிப் பலகையிலோ மாற்றுச் சான்றிதழிலோ இருக்கும், இல்லாவிட்டால் தலைமையாசிரியரிடம் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த இரண்டு மாவட்டம்: கோவைக்கு 12, 2009-இல் உருவான திருப்பூருக்கு 32. பிறகு ஒன்றியத்துக்கு இரண்டு, ஊருக்கோ வார்டுக்கோ மூன்று, பள்ளிக்குக் கடைசி இரண்டு. பல்லடத்துப் பள்ளி என்று சொல்லி 3312-இல் தொடங்கும் எண்ணைக் கொடுத்தால் மறுபடி கேட்டுக்கொள்வது நல்லது.

எண்ணிக்கையைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள். யூடைஸ் கணக்குக்கு அடிப்படை நாள் செப்டம்பர் 30. தகவல் சரிபார்க்கப்பட்டு வெளியாவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆகவே கோடை விடுமுறையில் சேர்க்கைக்காகத் தேடும்போது உங்கள் முன்னால் இருப்பது மிஞ்சிப்போனால் போன செப்டம்பர் கணக்கு, பல நேரம் அதற்கும் முந்தைய ஆண்டுடையது. மற்ற பகுதிகளில் இது பெரிய குறையாகத் தெரியாது. திருப்பூர், அவினாசி, பல்லடம், பெருந்துறை பக்கம் தெரியும். செப்டம்பர் கடைசி என்றால் தீபாவளிக்கு முன்னால் பனியன் கம்பெனி வேலை மும்முரமாக ஓடும் நேரம். லைன் வீடுகள் நிரம்பியிருக்கும், வகுப்பறையும் நிரம்பியிருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போன குடும்பங்களில் சில திரும்பி வரா. சில வேறு கம்பெனிப் பக்கம் குடி மாறும். பொங்கலுக்குப் பிறகு இன்னொரு சுற்று. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துத் தேங்காய்க் களங்கள், கவுந்தப்பாடி பக்கத்துக் கரும்பாலைகள், நாமக்கல் கோழிப் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் அதனதன் போக்குவரத்து உண்டு. அட்டையில் தெரிவது வருடத்தில் ஒரு நாள் எடுத்த நிழற்படம்.

இதோடு இன்னொரு தேதியும் உண்டு. ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று துறை நிர்ணயிப்பது ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்து. ஆகஸ்ட் 2-ஆம் தேதி லாரியில் சாமான் இறக்கிய குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் யூடைஸ் கணக்கில் இருப்பார்கள், ஆசிரியர் கணக்கில் இருக்கமாட்டார்கள்.

வகுப்புவாரிக் கட்டம்

அட்டையின் மிகப் பெரிய பயன் இங்கேதான். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கணக்குக்காக இரண்டு பள்ளிகளை வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒன்று முதல் ஐந்து வரை 5, 8, 9, 14, 16. இரண்டாவதில் 15, 14, 9, 8, 6. இரண்டுக்கும் மொத்தம் 52, இரண்டுக்கும் இரண்டு ஆசிரியர். ஆனால் இரண்டும் இரு வேறு பள்ளிகள்.

முதல் பள்ளி கீழே சுருங்கிக்கொண்டு வருகிறது. அஞ்சாப்பு முடித்து 16 பேர் வெளியேறும்போது உள்ளே வருவது ஐந்தாறு பேர்தான். பெரும்பாலும் காரணம் ஒன்றே: சுற்று வட்டாரத்து மெட்ரிக் பள்ளி வேன் ஊருக்குள் வர ஆரம்பித்துவிட்டது, மூன்று வயதிலேயே எல்.கே.ஜி.க்குப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறது. வேனில் ஏறிய பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு இறங்கி வருவது அபூர்வம். ஆசிரியர் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் இந்தச் சரிவு நிற்காது, ஏனென்றால் போட்டி ஒன்றாம் வகுப்பில் நடக்கவே இல்லை. இரண்டாவது பள்ளிக்கு இரண்டு விளக்கம் சாத்தியம். ஒன்று, அண்மையில் பெயர் எடுத்துச் சேர்க்கை கூடியிருக்கிறது. இரண்டு, சேர்கிற பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குள் கழன்றுகொள்கிறார்கள்.

எது என்று கண்டுபிடிக்க மூன்று ஆண்டு அட்டைகளை அடுத்தடுத்து வைத்துக் குறுக்காகப் படியுங்கள். போன ஆண்டு ஒன்றாம் வகுப்பில் 15 என்றால் இந்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும், அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்பிலும். இப்படி மூலைவாட்டில் எண் நிலைத்து நின்றால் பள்ளியில் பிள்ளைகள் தங்குகிறார்கள். ஒரு எச்சரிக்கை. 2022-23 முதல் யூடைஸில் பள்ளி மொத்தமாகத் தருவது போய், ஒவ்வொரு மாணவராகத் தரவு ஏற்றுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு எண்ணிக்கையோடு நேராக ஒப்பிடக் கூடாது. 2021-22-இலிருந்து திடீரென எண்ணிக்கை குறைந்ததாகத் தெரிந்தால் பள்ளியைக் குறை சொல்லும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

மூலைவாட்டுக் கணக்குக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. 15 பேரில் ஆறு பேர் போய், புதிதாக ஆறு பேர் வந்தாலும் அட்டையில் 15 என்றே நிற்கும். திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் இது சாதாரணம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி நேரில் போய்க் கேட்பது: "ஏனுங்க டீச்சர், இப்ப அஞ்சாப்புல இருக்கற பசங்கள்ல ஒண்ணாப்புலருந்து இங்கயே படிக்கறவங்க எத்தனை பேருங்க?" பள்ளியின் படிப்பைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே இதற்குத்தான் நாங்கள் முதலிடம் கொடுப்போம். காரணம் கீழே வரும்.

ஆசிரியர் கணக்கு

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். 52 பேருக்கு இருவர் என்றால் 26-க்கு ஒருவர். சட்டம் சொல்லும் 30-க்கு ஒருவர் என்பதைவிட நல்ல விகிதம். பக்கத்து மெட்ரிக் பள்ளியில் ஒரு வகுப்பில் 40 பேர் இருக்கும்போது இது அருமையாகத் தோன்றும். ஆனால் ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம், வட்டார வள மையப் பயிற்சி, வாக்காளர் பட்டியல் வேலை, மதிய உணவுப் பதிவேடு என்று அவர் எழுந்து போகும் நாளில் விகிதம் 52-க்கு ஒருவர். 58 பேர் உள்ள பள்ளிக்கும் 61 பேர் உள்ள பள்ளிக்கும் இடையிலான வித்தியாசம் மூன்று பிள்ளைகள் அல்ல, ஒரு முழு ஆசிரியர். ஜூன், ஜூலையில் தலைமையாசிரியர்கள் வீடு வீடாகப் போவது இதற்காகத்தான்.

அட்டையில் மூவர் என்றிருந்து நேரில் இருவர்தான் இருக்கிறார்களா? 'மாற்றுப் பணி' என்ற சொல்லைக் கேளுங்கள். பெயர் இங்கே, வேலை பக்கத்துப் பள்ளியில். அட்டையில் இது தெரியாது.

இந்த இரண்டு ஆசிரியர் பள்ளிகளைப் பார்க்கும்போது, 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும் தெரிந்திருக்க வேண்டும். கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட வந்தது அது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, 2023 முதல் நான்கு, ஐந்துக்கும். ஒன்று முதல் மூன்று வரை ஒரே கூட்டமாக உட்காரவைத்து, பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' என்று பிரிப்பார்கள். அரும்பு என்றால் எழுத்தறியும் நிலை, மொட்டு சொல்லும் சிறு தொடரும், மலர் மூன்றாம் வகுப்புக்குரிய நிலை. ஆகவே மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருப்பதைப் பார்த்து 'இடமில்லாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பிரிவுக் கட்டங்கள்: இங்கேதான் தவறாகப் புரியும்

யூடைஸ் சமூகப் பிரிவை நான்காகத்தான் பார்க்கிறது: பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர் என்று தனித்தனியே இருப்பவை எல்லாம் இங்கே வரும்போது ஒன்றாகக் கரைந்துவிடும். கொங்கு வேளாளக் கவுண்டரும் வேட்டுவக் கவுண்டரும் தேவாங்கச் செட்டியாரும் வன்னியரும் ஒரே ஓ.பி.சி. கட்டத்துக்குள். தோட்டங்காட்டுக்காரர் பிள்ளைகள் வேனில் போய்விட்டார்களா, இங்கேயே படிக்கிறார்களா என்று இந்தக் கட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது.

எஸ்.சி. கட்டமும் அப்படியே. கொங்குப் பக்கத்தில் எஸ்.சி. பிள்ளைகளில் பெரும்பகுதி அருந்ததியர் வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்பது ஊரறிந்தது. 2009-இல் மாநிலம் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்த பிரிவு. இவர்களில் பல வீடுகளில் பேச்சுமொழி தெலுங்கு. தேவாங்கர் வீடுகளில் பலவற்றிலும் ஒக்கலிகர் வீடுகளிலும் கன்னடம். ஒன்றாம் வகுப்பில் 'அம்மா, ஆடு, இலை' என்று ஆரம்பிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு எழுத்தும் புதிது, சொல்லும் பாதி புதிது. தாய்மொழி என்ற தகவல் மாணவர் பதிவில் ஏறுகிறது, பொதுமக்கள் பார்க்கும் அட்டையில் வராது. படிப்பைப் புரிந்துகொள்ள மிகவும் வேண்டிய கட்டம் இது. காட்டாமல் விட்டிருப்பது எங்கள் பார்வையில் பெரிய குறை.

பொதுப் பிரிவுக் கட்டத்தைப் பார்த்துத்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். திருப்பூர்ப் பக்கத்து ஒன்றியப் பள்ளியில் பொதுப் பிரிவில் பிள்ளைகள் நிறைய இருந்தால், வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்று தோன்றும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று வெளியிலிருந்து வந்த குடும்பங்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் சொந்த ஊரில் எஸ்.சி.யாகவோ ஓ.பி.சி.யாகவோ இருந்தாலும் வேறு மாநிலச் சாதிச் சான்று இங்கே இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. சான்று இல்லாத பிள்ளை பொதுப் பிரிவில் ஏறிவிடும். பள்ளியிலேயே மிக எளிய வீட்டுப் பிள்ளை, அட்டையில் 'பொது'.

எஸ்.டி. கட்டத்துக்கு மலைப்பக்கம் போக வேண்டும். அந்தியூர் பக்கம் பர்கூர் மலையில் மலையாளி மக்கள் நிறைய. எஸ்.டி. பட்டியலில் மலையாளி என்ற பெயர் பழைய சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, திருச்சி மாவட்டங்களுக்கு மட்டும் இருக்கிறது. ஈரோடு அதில் இல்லை. ஆகவே பர்கூர் மலைப் பள்ளியின் எஸ்.டி. கட்டம் கிட்டத்தட்டக் காலியாக இருந்தாலும் அறை நிறைய மலைவாழ் பிள்ளைகள் இருப்பார்கள். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை பழைய சேலத்திலிருந்து பிரிந்தது. அதே மக்கள், அங்கே எஸ்.டி. இரண்டு மலைப் பள்ளிகளின் அட்டைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. தாளவாடிக்குப் போனால் பயிற்றுமொழியே கன்னடமாக இருக்கும் அரசுப் பள்ளிகள் உண்டு.

ஆண், பெண் எண்ணிக்கையில் ஒரு சின்னக் குறிப்பு. ஊரில் இரண்டும் சமமாக இருந்து, ஒன்றியப் பள்ளியில் மட்டும் பெண் பிள்ளைகள் கணிசமாகக் கூடுதல் என்றால், பையன்கள் வேனில் போகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

படிப்பு: அட்டை வாய் திறக்காத இடம்

ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ்நாட்டில் பொதுத் தேர்வு இல்லை. 2019-இல் அறிவித்தார்கள், 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதும் இல்லை. ஆகவே 'தேர்ச்சி விகிதம் நூறு' என்று எவராவது தொடக்கப் பள்ளியைப் பற்றிச் சொன்னால் அது எதையும் சொல்லவில்லை. தேசிய அடைவுத் தேர்வு 2021 நவம்பரில் மூன்று, ஐந்து, எட்டு, பத்தாம் வகுப்புகளுக்கு நடந்தது. 2024 டிசம்பரில் 'பரக்' என்ற பெயரில் மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு. இரண்டுமே சில பள்ளிகளை மட்டும் மாதிரியாக எடுத்து மாவட்டத்தைப் பற்றிப் பேசுபவை. 'பிரதம்' தொண்டு நிறுவனத்தின் ஏசர் ஆய்வு அதைவிட விலகி நிற்கிறது: மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு, பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்கச் சொல்வது. உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி இவை எதிலும் ஒரு சொல் இருக்காது.

பள்ளிக்குள் மதிப்பெண் இருக்கிறது. வளரறி மதிப்பீடு அ, ஆ சேர்ந்து 40, பருவ முடிவில் தொகுத்தறி மதிப்பீடு 60. ஆசிரியரே கொடுத்து ஆசிரியரே திருத்துவது என்பதால் ஒரு பள்ளியோடு இன்னொரு பள்ளியை ஒப்பிட உதவாது. எண்ணிக்கை சிறியது என்பது வேறு தொல்லை. ஏழு பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 14 விழுக்காட்டுக்கும் மேல். 'போன வருசம் 57, இந்த வருசம் 71' என்றால் ஒரு பிள்ளை கூடப் படித்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? அட்டையை அச்செடுத்துக்கொண்டு, தலைமையாசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லி, நடு வாரத்தில் ஒரு மணி நேரம் போய் வந்தால் போதும். திங்களும் வெள்ளியும் வேண்டாம். வார விடுமுறையோடு ஒட்டிய நாட்களில் வருகை எப்போதும் குறைவு.

முதல் மணி அடிக்கும் முன்பே போய்விடுங்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணுங்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள் என்பதால் இது குறைந்தபட்சக் கணக்கு. மதிய உணவின் முட்டைக் கணக்கு இன்னும் உறுதி. அட்டையில் 52, வருகைப் பதிவில் 49, முட்டை 38 என்று இருந்தால் எந்த எண்ணை நம்புவது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூவரை, முதல் பெஞ்சு தவிர்த்து, ஆசிரியர் அனுமதியோடு படிக்கச் சொல்லுங்கள். நடத்திய பாடத்தைக் கொடுக்காதீர்கள். அது மனப்பாடமாக வந்துவிடும், விரல் ஒரு வரியில் இருக்க வாய் அடுத்த வரியில் போகும். இன்னும் நடத்தாத பாடத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து கொடுங்கள். எங்கே தடுக்குகிறது என்று கவனியுங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் இடத்தில், அதாவது கொ, கோ, கெ, கே குழம்பினால், அது மொட்டு நிலை. மூன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் பொறுத்துக்கொள்ளலாம், கடைசிப் பருவத்தில் கூடாது. ல, ள, ழ உச்சரிப்பு வேறுபாட்டுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். நம் ஊரில் பெரியவர்களுக்கே அது தகராறு.

கணக்குக்கு ஒரே ஒரு வினா போதும்: 52 கழித்தல் 27. விடை 25. தவறாக வந்தால் என்ன வந்தது என்று பாருங்கள். 35 வந்தால் பிள்ளை ஒன்றாம் இடத்தில் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது, கடன் வாங்கல் விளங்கவில்லை. மூன்று பிள்ளைகளும் 35 எழுதினால் பிழை பிள்ளைகளிடம் இல்லை, மணிச்சட்டமும் பத்துக் குச்சிக் கட்டும் அந்த அறையில் புழங்கவில்லை என்று பொருள். ஆளுக்கொரு விடை என்றால் ஆளுக்கொரு குறை. அஞ்சாப்புக்கு 847-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். ஈவு 141, மீதி 1. ஈவு சரியாக வந்து மீதியை எழுதாமல் விட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

பிறகு நோட்டைப் புரட்டுங்கள். சிவப்பு மையில் சரி போட்டிருப்பது முக்கியமில்லை. தவறான சொல்லைப் பிள்ளை திரும்ப எழுதியிருக்கிறதா, அந்தத் திரும்ப எழுதியதையும் யாராவது பார்த்திருக்கிறார்களா?

இப்போது நாங்கள் முதலிடம் கொடுத்த கேள்விக்கு, அதாவது ஒன்றாப்பிலிருந்தே இங்கே படிப்பவர்கள் எத்தனை பேர் என்பதற்கு வருவோம். நீங்கள் படிக்கச் சொன்ன மூவரில் ஒருத்தி போன தைக்குப் பிறகு ஒடிசாவிலிருந்து வந்தவளாக இருக்கலாம். அவள் மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலையில் இருப்பது பள்ளியின் தோல்வியா? வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடு என்பதுதான் சட்டம். எட்டு மாதத்தில் அவள் தமிழில் சொல் படிக்கிறாள் என்றால் அது அந்தப் பள்ளியின் ஆகப் பெரிய சாதனை. சராசரியில் மட்டும் அவள் பள்ளியைக் கீழே இழுப்பாள். ஒன்றாப்பிலிருந்து அங்கேயே இருக்கும் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று தனியாகவும், நடுவில் வந்தவர்கள் வந்த நாளிலிருந்து எவ்வளவு நகர்ந்தார்கள் என்று தனியாகவும் பார்த்தால்தான் ஆசிரியரின் வேலை தெரியும். "அஞ்சாப்புல பதினாறு பேருங்க. அதுல நாலு பேருதான் ஒண்ணாப்புலருந்து" என்று பதில் வந்தால், அந்த நால்வரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். நால்வரும் தடுமாறினால் வேறு பள்ளி பார்க்கலாம்.

மற்றவை, சுருக்கமாக

கட்டடம், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், நூலகம், சாய்தளம் எல்லாம் அட்டையில் தெளிவாக இருக்கின்றன. அனைத்தும் பள்ளியே ஏற்றிய தகவல். கழிப்பறை இருக்கிறதா என்பதைவிடக் குழாயைத் திருகிப் பார்ப்பது நல்லது. பல்லடம், திருப்பூர் பக்கம் போர் தண்ணீர் உப்பு. குடிக்க ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று கேளுங்கள்.

பயிற்றுமொழிக் கட்டத்தை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. சிறிய தொடக்கப் பள்ளியில் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம், வேறு வேறு புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். 'இங்கிலீஷ் மீடியம் இருக்குதுங்களா?' என்று கேட்டுச் சேர்க்கும் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் கிடைக்கும் 20 விழுக்காட்டு முன்னுரிமை, 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருந்தால்தான் செல்லும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, கல்லூரி மாணவிகள், மாணவர்களுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைகள் ஆகியவற்றுக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. தொடக்கப் பள்ளி எதுவானாலும் இவற்றுக்குப் பாதகமில்லை.

சேர்க்கும் நாளில் வரும் சிக்கலையும் சொல்லிவிடுவோம். பிள்ளை ஏற்கெனவே வேறு பள்ளியில் இருந்தால், அந்தப் பள்ளி எமிஸில் பிள்ளையைக் 'காமன் பூலில்' (எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுப் பட்டியலில்) விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். கட்டணப் பாக்கி என்று தனியார் பள்ளி விடாமல் வைத்திருப்பது அடிக்கடி நடப்பது. மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டம். பிள்ளையை உட்காரவைத்துவிட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். அதுவரை அவள் பழைய பள்ளியின் அட்டையில் ஒரு தலை, புதுப் பள்ளியில் ஒரு தட்டு.

மதிப்பெண் போடச் சொன்னால், எண்ணிக்கைக்கும் கட்டடத்துக்கும் ஐந்துக்கு நான்கு. பிரிவுக் கட்டங்களுக்கு இரண்டு. படிப்புக்குப் போட ஒன்றுமில்லை. ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் இது வேறு கருவியாகிவிடும்: இந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்களில் ஒன்றாம் வகுப்பு முதல் இங்கேயே படிப்பவர்கள் இத்தனை பேர். இதற்காக எந்தத் தலைமையாசிரியரும் புதிதாக ஒரு படிவம் நிரப்ப வேண்டியதில்லை. 2022-23-இலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகத்தான் அந்தத் தளத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது.